அமராவதி வீட்டுப் பொட்டு மீன்கள்

புளியங்குளம் சந்தியில் அமராவதியைத் தெரியாத ஆட்கள் இருந்தார்கள். அவளுடைய விளக்குமாற்றுச் சத்தத்தைத் தெரியாத ஆள் இல்லை. யாழ்ப்பாணம் போகிற லொறிகள் விடியப்புறத்தில் தேத்தண்ணிக்கு நிற்கும்போது, ரோட்டோரத்து வீட்டில் சரக் சரக் என்று அவள் முற்றம் கூட்டத் தொடங்கியிருப்பாள். அந்த வளவுக்குள் வருகிற கோழிகூடக் காலைத் துடைத்துவிட்டுத்தான் வரும் என்று டிரைவர்மார் பகிடி விடுவார்கள். அது முழுப்பொய்யும் இல்லை. சேற்றுக்காலோடு வந்த கோழியொன்றை அவள் பிடித்துக் கழுவிவிட்டதைக் கண்ணால் கண்ட சாட்சி இருக்கிறது.

மற்ற நாட்களில் இப்படியென்றால் வெள்ளிக்கிழமையைக் கேட்க வேண்டாம். வெள்ளிக்கிழமை அந்த வீடே வெளியே வந்துவிடும். அலுமாரியைத் தவிர மிச்சமெல்லாம், கதிரை, வாங்கு, உரல், சாமிப்படம் எல்லாம் முற்றத்தில் வரிசையாக வெயில் காயும். கிணற்றிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் வந்து நிலம் கழுவப்படும். குத்துவிளக்குப் புளி போட்டு மினுக்கப்படும். மூலை முடுக்கெல்லாம் மஞ்சள் தண்ணீர் தெளிக்கப்படும். இவ்வளவும் நடக்கிற நேரம் முழுக்க அமராவதி தேவாரம் பாடுவாள். நல்ல குரல். ரோட்டின் அந்தப் பக்கம் இருந்த டயர்க்கடை வரைக்கும் கேட்கும்.

டயர்க்கடை அவளுடைய புருஷன் வீரகத்தியுடையது. சைக்கிள் ஒட்டுவதிலிருந்து லொறிச் சக்கரம் மாற்றுவது வரை அங்கே நடக்கும். "அண்ணை, உங்கடை வீட்டு ரேடியோ இண்டைக்கு நல்லாய் இழுக்குது" என்று டிரைவர்மார் சீண்டினால், "அது பற்றரி இல்லாத ரேடியோ, நிப்பாட்டேலாது" என்று வீரகத்தி திருப்பி அடிப்பான். வாய்க்காரன். சந்தியில் நிற்கிற லொறிகளில் பாதி சக்கரத்துக்காக நிற்கவில்லை, அவனுடைய கதைக்காக நின்றன என்றுகூடச் சொல்லலாம். இரண்டு பெண்பிள்ளைகளும் கட்டிக்கொடுத்தாயிற்று. ஒருத்தி ஸ்கந்தபுரத்தில், மற்றவள் முல்லைத்தீவில். ஐம்பதை எட்டுகிற வயதில் புருஷனும் பெண்சாதியுமாகத் தனியாக, குறையொன்றும் இல்லாமல் இருந்தார்கள்.

எண்பத்தோராம் ஆண்டு தை மாதம், பொங்கல் கழிந்த கையோடு, லொறியொன்றுக்குச் சக்கரம் மாற்றிக்கொண்டிருக்கும்போது ஜாக் வழுக்கியது. வீரகத்தியின் வலது கால் முழங்காலுக்குக் கீழே நசிந்துபோனது. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் பங்குனி வரை கிடந்து, காலோடுதான் திரும்பி வந்தான். ஆனால் அந்தக் கால் மடங்கவில்லை. ஊன்றுதடியோடு குசினி வரைக்கும் நடக்கலாம், அவ்வளவுதான். கடையைப் பழனியாண்டி பார்த்துக்கொண்டான். எழுபத்தேழு கலவரத்தில் மலைநாட்டுத் தோட்டத்தை விட்டு, பெண்சாதி மீனம்மாவையும் கூட்டிக்கொண்டு வன்னிக்கு வந்தவன் பழனியாண்டி. ஆற்றங்கரையில் மிளகாய்த் தோட்டம் செய்தபடி கடையிலும் வீரகத்திக்கு உதவிக்கு நின்றவன்.

வீட்டுக்கு வந்த வீரகத்தி சாய்மனைக் கதிரையில் சாய்ந்தான், சுவரைப் பார்த்தான், வாயை மூடினான். சாப்பிடுவம் வாருங்கோ என்றால் "ம்." காலுக்கு எண்ணெய் போடட்டோ என்றால் "ம்." ஆட்கள் பார்க்க வந்தால் கண்ணை மூடிக்கொள்வான். அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் நின்றது. இன்னொரு சத்தமும் நின்றது. அமராவதி வெள்ளிக்கிழமைகளில் கழுவினாள், தேய்த்தாள், மினுக்கினாள், பாட்டு வரவில்லை. வரவில்லை என்பது அவளுக்கே தெரியவில்லை. புருஷனுடைய மௌனம்தான் அவளைத் தின்றுகொண்டிருந்தது. இந்த மனிசன் இப்படியே சுவரைப் பார்த்துப் பார்த்து ஒருநாள் மூச்சையும் மறந்துவிடுவார் என்று அவள் உண்மையாகவே பயந்தாள்.

சித்திரையில் தவராசா வந்தான். ஜாக் வழுக்கியது அவனுடைய லொறிக்கு அடியில்தான். பிழை அவனுடையதல்ல, யாருடையதும் அல்ல, ஆனாலும் பாவம் அவனுக்கு மனம் ஆறவில்லை. கொழும்பிலிருந்து ஒரு கண்ணாடித் தொட்டியை வைக்கோலில் சுற்றிக்கொண்டு வந்து இறக்கினான். இரும்புச் சட்டம் போட்ட, இரண்டு பேர் தூக்குகிற தொட்டி. கூடவே பொலித்தீன் பையில் தங்கமீன்கள். அவை வழியில் மதவாச்சி தாண்ட முன்னமே செத்து மிதந்துவிட்டன. கூடவே தண்ணீருக்குள் காற்று ஊதுகிற சின்ன மோட்டர் ஒன்று, ரப்பர்க் குழாயும் அதன் நுனியில் செருகுகிற ஊதுகல்லுமாக.

"கரண்ட் இல்லாத வீட்டுக்குக் கரண்ட் மோட்டரோ?" என்றாள் அமராவதி.

தவராசா தலையைச் சொறிந்தான். "அக்கா, அண்ணை பாத்துக்கொண்டிருக்கட்டுமெண்டு..." என்று இழுத்துவிட்டு லொறியில் ஏறிப் போய்விட்டான்.

வெறும் தொட்டி கூடத்தில் கிடந்தது. அதைக் கண்ட பழனியாண்டிக்குக் கை சும்மா இருக்கவில்லை. மறுநாள் கனகராயன் ஆற்று மடுவில் சாரத்தைக் கட்டிக்கொண்டு இறங்கி, துண்டால் கோலிக் கொஞ்ச மீன்களை வாளியில் கொண்டுவந்தான். உள்ளங்கை அகலம்கூட இல்லாத மஞ்சள் மீன்கள். உடம்பு முழுக்கச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளி. நடுவயிற்றுக்கு மேலே, இரண்டு பக்கமும், கறுத்தப் பொட்டு. குளத்தில் பிடிக்கிற ஜப்பான் மீனுக்கு ஒன்றுவிட்ட சொந்தம் போல ஒரு முகவெட்டு.

"இதுக்கு என்ன பேரடா?" என்று அமராவதி கேட்டாள்.

"பொட்டு மீனுங்க அக்கா" என்றான் அவன். அந்தப் பேரை அவன் அந்த இடத்திலேயே வைத்தான் என்பது பிறகு தெரிந்தது.

ஆற்று மணலும், வேர்க்கட்டையும், ஒரு தட்டைக் கல்லும், கரையில் உதிர்ந்து கிடந்த மருதமர இலையும் அவன் வாளியோடு கொண்டு வந்திருந்தான். எல்லாவற்றையும் போட்டு நிரப்பினார்கள். பின்னேரமானபோது மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயை வாயைத் திறந்தன. அமராவதி கையைப் பிசைந்தாள். அப்போதுதான் சாய்மனைக் கதிரையிலிருந்து ஒரு குரல் வந்தது. பங்குனிக்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்த முதலாவது முழு வசனம்.

"பழனியாண்டி, கடையிலை கிடக்கிற பழைய லொறி டியூப்பிலை ஓட்டையில்லாத ஒண்டை எடுத்துக்கொண்டு வா. என்ரை ஆஸ்பத்திரிப் பையுக்கை சேலைன் குழாய் கிடக்கும், அதையும் எடு."

அமராவதி பிசைந்த கையை விட்டுவிட்டுக் கதிரைப் பக்கம் திரும்பினாள். மீனை மறந்துபோனாள்.

லொறி டியூப்பைக் கால்பம்பால் ஊதிப் பொம்மென்று ஆக்கினான் பழனியாண்டி. வீரகத்தி அதன் வாயில் சேலைன் குழாயைப் பொருத்தினான். மற்ற நுனியில் தவராசா கொண்டுவந்த ஊதுகல். சேலைன் குழாயில் மருந்துத் துளியைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்ன உருளை இருக்குமே, அதைப் பெருவிரலால் மெல்ல மெல்லத் திருகினான். தண்ணீருக்குள் ஒரு குமிழி. இன்னொன்று. பிறகு முத்துச் சரம் அறுந்ததுபோல மளமளவென்று. மேலே வாயைப் பிளந்து நின்ற மீன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

"வேலை செய்யுது! டேய், வேலை செய்யுதடா!" என்று வீரகத்தி கத்தினான். பழனியாண்டி குதித்தான். டியூப்புக்கு மேலே ஒரு அம்மிக்குழவியை வைத்தால் இன்னும் நல்லாய் ஊதும் என்று வீரகத்தி சொல்ல, அமராவதி தன் அம்மிக்குழவியைக் கேள்வி கேட்காமல் தூக்கிக் கொடுத்தாள். மற்ற எந்த நாளிலும் அவள் அம்மிக்குழவியை அழுக்கு டியூப்புக்கு மேல் வைத்திருக்க முடியாது. அன்றைக்கு அவளுடைய தலையையே கேட்டிருந்தாலும் வைத்திருப்பாள்.

அந்த இரவு அவள் படுத்துக் கிடந்து ஒரு முடிவெடுத்தாள். இந்த மீன் இருக்கிறவரைதான் இந்த மனிசன். மீன் சாகக் கூடாது.

அடுத்த வெள்ளிக்கிழமை வந்தது. தொட்டியைப் பார்த்தாள். தண்ணீர் மருதமிலை ஊறித் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. கண்ணாடியில் வழவழவென்று ஏதோ படிந்திருந்தது. மணலுக்கு மேல் மீன் கழிவு. இந்த ஊத்தைக்குள் உயிர் எப்படி நிற்கும்? சேலையைத் தூக்கிச் செருகினாள். மீன்களை எனாமல் பேசினில் விட்டாள். தண்ணீர் முழுவதையும் குசினி வாசலோரத்து வாழையடியில் ஊற்றினாள். கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் தும்பால் தேய்த்தாள். மணலை அரிசி கழுவுகிற மாதிரிக் களைந்து களைந்து, கடைசித் தண்ணீர் கண்ணீர்போலத் தெளிந்து வரும்வரை கழுவினாள். மருதமிலையைத் தூக்கி எறிந்தாள். அப்போதுதான் இறைத்த கிணற்றுத் தண்ணீரால் தொட்டியை விளிம்பு வரை நிரப்பினாள். சவர்க்காரம் போட்டால் நுரைக்காத, கேத்திலின் அடியில் சுண்ணாம்பாகப் படிகிற தண்ணீர். கடைசியில், நல்லது நடக்கட்டும் என்று, ஒரு துளி மஞ்சள் தண்ணீரும் தெளித்தாள். தேய்க்கத் தேய்க்க அவளையறியாமல் வாய் ஏதோ பாடியபடி இருந்தது. வீரகத்தி கதிரையிலிருந்து தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். மீனைப் பார்க்கிறார் என்று அவள் நினைத்தாள்.

தொட்டி பளிச்சென்று நின்றது. சனிக்கிழமை காலையில் இரண்டு மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன.

பழனியாண்டி வேறு மீன்களைக் கொண்டுவந்து விட்டான். அடுத்த சனிக்கிழமை இன்னும் மூன்று. அதற்கடுத்த சனிக்கிழமை ஒன்று, இன்னொன்று சாகக் கிடந்தது. கிழமை நாட்களிலெல்லாம் ஓடி விளையாடுகிற மீன்கள் சனிக்கிழமை வந்தால் சாகின்றன. இதற்கு யோசிக்க என்ன இருக்கிறது? வீரகத்திக்கு ஏழரைச் சனி என்று சாத்திரியார் முன்னமே சொல்லியிருந்தார். காலை முறித்த சனியன் இப்போது மீனிலும் கண் வைத்துவிட்டான் என்று அமராவதிக்கு விளங்கிவிட்டது.

அவள் சண்டைக்கு இறங்கினாள். சனிக்கிழமை தவறாமல் கோயிலுக்கு ஓடி எள்ளெண்ணெய் எரித்தாள். காகத்துக்குச் சோறு வைத்துவிட்டுத்தான் பச்சைத் தண்ணீர் குடித்தாள். அதோடு, சனியன் வரும்போது வீட்டில் ஒரு பொட்டு அழுக்கும் இருக்கக் கூடாது என்று வெள்ளிக்கிழமைகளில் தொட்டியை இரண்டு மடங்கு தேய்த்தாள். மருந்து கூடக் கூட நோயும் கூடியது. வீரகத்தி செத்த மீனைச் சிரட்டையில் எடுத்து வாழையடியில் புதைத்துவிட்டு வந்து இருப்பான்.  வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்து, அவளைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டதும் உண்டு. அவள் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய் அழுதாள்.

ஆடியில் பழனியாண்டி வெறும் வாளியோடு வந்து நின்றான்.

"அண்ணே, ஆத்துல மடுவெல்லாம் வத்திப்போச்சுங்க. வெறும் மணலுதான் கெடக்கு. மாரி மழை வர்ற வரைக்கும் மீனு இல்லீங்க."

தொட்டியில் மிஞ்சியிருந்தவை இரண்டே இரண்டு மீன்கள். ஒன்று கொஞ்சம் பெரிது, மற்றது கொஞ்சம் சிறிது. அமராவதி அந்த இரண்டையும் பார்த்தாள், கதிரையில் இருந்தவனைப் பார்த்தாள், வரப்போகிற சனிக்கிழமையை நினைத்தாள். 

அந்தக் கிழமை, புதன்கிழமை, வரணியிலிருந்து தந்தி வந்தது. வீரகத்தியின் பெரியப்பா பொன்னையா காலமாகிவிட்டார். தொண்ணூறைத் தாண்டி, பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளையும் கண்டு, சோற்றுக் கையோடு போன நல்ல சாவு. வீரகத்தியால் போக முடியாது. அமராவதி பஸ்ஸில் போய்ச் செத்தவீட்டில் முகத்தைக் காட்டிவிட்டு வந்தாள். துக்கம் பெரிதாக இல்லை, துடக்குத் தீட்டு வந்துவிட்டது. புருஷனுடைய தகப்பன் வழிச் சாவு. முப்பத்தொரு நாளுக்கு வீட்டில் விளக்கில்லை, கோயில் இல்லை, வெள்ளிக்கிழமைக் கழுவல் இல்லை.

"போனவர் இன்னும் கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாம்" என்று பொருமினாள். "நான் எப்பிடி இந்தச் சனியனை மறிக்கிறது? விளக்கு எரிக்கேலாது, கழுவேலாது."

"கழுவாமல் விடும்" என்றான் வீரகத்தி.

"துடக்கு வீட்டிலை ஆருக்கு விளக்கெரிச்சு, ஆருக்குக் கழுவுறது? விட்டுத்தானே கிடக்கு" என்று சொல்லி மூக்கைச் சிந்தினாள்.

முதல் சனிக்கிழமை விடிந்தபோது அவள் தொட்டிப் பக்கம் திரும்பவே இல்லை. முற்றத்திலிருந்து குரல் மட்டும் கொடுத்தாள்.

"ரெண்டும் கிடக்கோ?"

"கிடக்கு."

"மூச்சு?"

"நல்லாய் ஓடித் திரியுதுகள்."

அடுத்த சனிக்கிழமையும் அப்படித்தான். அமராவதிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இதென்ன கூத்து, சனியனும் துடக்குப் பார்க்கிறவனோ, துடக்கு வீட்டுக்குள் கால் வைக்க மாட்டானோ என்று மீனம்மாவிடம் சொல்லிச் சிரித்தாள். மீனம்மாவும் அப்படித்தான் இருக்கும் என்று தலையாட்டினாள். பழனியாண்டி மடு வற்ற முன்னமே உணக்கி வைத்திருந்த மருதமிலையை ஒரு பிடி கொண்டுவந்து போட்டான். வீரகத்தி வாழையடியில் மண்புழு தோண்டுவித்து, நறுக்கிப் போட்டான். தொட்டியின் பின் கண்ணாடியில் பச்சையாய்ப் பாசி பிடித்தது. அமராவதிக்குக் கை அரித்தது. துடக்கு, துடக்கு என்று தனக்குத்தானே சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டாள்.

மூன்றாம் கிழமை வீரகத்தி போட்ட சத்தத்தில் அவள் சோற்றுப் பானையை அப்படியே அடுப்பில் விட்டுவிட்டு ஓடினாள்.

"அமராவதி! ஓடி வாரும்! கெதியாய்!"

விழுந்துவிட்டார் என்றுதான் ஓடினாள். வீரகத்தி விழவில்லை, எழுந்து நின்றான். தடியில்லாமல், ஒரு கையால் தொட்டிச் சட்டத்தைப் பிடித்தபடி. "வயித்தைப் பாரும்! ரெண்டின்ரை வயித்தையும் பாரும்!"

மஞ்சள் வயிறுகள் கறுத்திருந்தன. "ஐயோ, நோயோ?" என்றாள்.

"நோயுமில்லை, ஒண்டுமில்லை. காலமையிலை தொட்டு அந்தத் தட்டைக் கல்லை ரெண்டும் மாறி மாறி வாயாலை கொத்திக் கொத்தித் துடைக்குதுகள். உம்மைப்போலைதான். ஒரு மண்ணும் வைக்கேல்லை. இப்ப பாரும், அந்தச் சின்னது!"

சின்னது பெண். கல்லின் மேல் வயிற்றைத் தேய்த்து ஊர்ந்தது. அது போன வழியெல்லாம் கடுகிலும் சிறிய முட்டைகள் ஒட்டிக்கொண்டு நின்றன. பெரியது பின்னாலேயே போனது. மறுபடி சின்னது. மறுபடி பெரியது. புருஷனும் பெண்சாதியும் தோளோடு தோள் முட்டக் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். குசினியில் சோறு கருகியது. அந்த வீட்டில் சோறு கருகிய முதல் நாள் அது. யாரும் கவலைப்படவில்லை.

அதன் பிறகு நடந்ததைச் சந்தி முழுக்கச் சொல்லும். சாய்மனைக் கதிரை சுவரை விட்டுத் திரும்பித் தொட்டியைப் பார்த்தது. வீரகத்தியின் வாய் பழையபடி திறந்தது. தாய் மீன் செட்டையால் விசுக்கி விசுக்கி முட்டைக்குத் தண்ணீர் அனுப்புவதை, தகப்பன் காவல் சுற்றுவதை, முட்டை பொரித்ததும் குஞ்சுகளை வாயால் அள்ளி மணலில் தோண்டிய குழிக்குள் துப்புவதை, எல்லாவற்றையும் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் விளக்கினான். துடக்கு வீடென்றும் பார்க்காமல் டிரைவர்மார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். தவராசா வந்து பார்த்துக் கண்கலங்கினான். "கொழும்பிலைகூட இப்பிடியொண்டு இல்லை அண்ணை" என்று அவன் சொன்னது அந்த வீட்டுக்குக் கிடைத்த பட்டம். பழனியாண்டி நேரம் தவறாமல் வந்து டியூப்புக்குக் காற்றடித்தான்.

குஞ்சுகள் குழியை விட்டுப் புகைபோலக் கிளம்பி நீந்தத் தொடங்கிய நாள் இன்னொரு கூச்சல்.

"இஞ்சை பாரும், பிள்ளையள் தாயைத் தின்னுதுகள்!"

அமராவதி குனிந்து பார்த்தாள். குஞ்சுகள் தாய் மீனின் இரண்டு விலாவிலும் மொய்த்து நின்று கொத்தின. தாய் ஓடவில்லை. உடம்பைச் சற்றுச் சரித்துக் கொடுத்தபடி அசையாமல் நின்றது. கொஞ்ச நேரம் போகத் தகப்பன் வந்து நின்றது. குஞ்சுகள் அதற்குத் தாவின.

"தின்னேல்லை" என்றாள் அமராவதி. இரண்டு பெற்றவள், பார்த்தவுடனே அவளுக்குத் தெரிந்தது. "மேலிலை ஏதோ வழவழவெண்டு ஊறுது, அதைக் குடிக்குதுகள். பால் குடிக்கிற மாதிரித்தான். தகப்பனும் குடுக்குது பாருங்கோவன்."

இப்படியாக முப்பத்தொரு நாளும் ஓடியது. வரணியில் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து, மறுநாள் விடிந்தபோது வெள்ளிக்கிழமை.

அமராவதி கோழி கூவ முன்னமே எழும்பினாள். ஒரு மாதத்து அழுக்கு. துடக்குக் கழிய வேண்டும். வீடு வெளியே வந்தது. கதிரைகள், வாங்கு, உரல், சாமிப்படங்கள். வாளி வாளியாகத் தண்ணீர். மூன்று தரம் நிலம் கழுவினாள். குத்துவிளக்கைப் புளி போட்டு மினுக்கினாள். கடைசியாகத் தொட்டி. தண்ணீர் தேத்தண்ணி நிறம். பின் கண்ணாடி பச்சைப் பாசி. மணலில் பழுப்பாய் ஏதோ. இதை இப்படியே வைத்துக்கொண்டு விளக்கேற்றினால் எந்தத் தெய்வம் உள்ளே வரும்? மீன்களை விடுவதற்கு எனாமல் பேசினை இழுத்து வைத்தாள். சேலையைச் செருகினாள். முற்றத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்த வீரகத்தி கதிரையோடு சேர்த்துத் திரும்பி, யன்னலால் பார்த்தான். 

தட்டைக் கல்லை எடுக்கக் கையைத் தண்ணீருக்குள் விட்டாள். சுரீரென்றது. பெரிய மீன் அவள் விரலைக் கடித்துவிட்டு விலகி, மறுபடி முழு வேகத்தில் வந்து முட்டியது. அவள் கை முழங்கை வரை தண்ணீருக்குள். அது உள்ளங்கை அகலம்கூட இல்லை. ஆனாலும் திரும்பத் திரும்ப வந்தது. பின்னால் தாய் மீன் குஞ்சுகளை ஒரு மூலைக்குத் தள்ளி, குறுக்கே நின்றது.

அமராவதி கையை எடுக்கவில்லை. அப்படியே நின்றாள்.

எதற்கு என்னைக் கடிக்கிறாய்? நான் உன்னை என்ன செய்தேன்? உனக்காக எத்தனை விளக்கு எரித்தேன். சனியன் வரும் நாளுக்கு முன்னால் எப்படியெல்லாம் கழுவி... சனியன். துடக்கு முழுக்கச் சனிக்கிழமை வராமலா இருந்தது? கிழமை தவறாமல் வந்தது. விளக்கும் இல்லை, காகத்துக்குச் சோறும் இல்லை. ஒன்றும் சாகவில்லை. சனிக்கிழமை வந்துகொண்டுதான் இருந்தது. வராமல் இருந்தது வெள்ளிக்கிழமை.

பேசின் காலில் தட்டி உருண்டு கணகணத்தது. அமராவதி ஈர நிலத்தில் தொப்பென்று இருந்துவிட்டாள். வாழையடி நினைவுக்கு வந்தது. அங்கே புதைத்ததெல்லாம் நினைவுக்கு வந்தது.

"நான்தான்" என்றாள். "நான்தான் சாக்காட்டினனான். சனியன் இல்லை, நான்."

வீரகத்தி தடியை ஊன்றிப் படியேறி உள்ளே வந்தான். அவள் முகத்தை நிமிர்த்தி அவனைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஆச்சரியமே இல்லை என்பதைக் கண்டாள்.

"உங்களுக்குத் தெரியுமோ?"

"ம்."

"எப்ப தொட்டு?"

"ரெண்டாம் முறையோடை விளங்கிச்சுது. ஆத்து மீன் ஆத்துத் தண்ணியோடை, பாசியோடை, சேத்தோடை இருக்கிறது. கழுவிப்போட்டால் எப்பிடி நிக்கும்?"

"பின்னை ஏன் வாயைத் திறக்கேல்லை? என்னைக் கொலைகாரி ஆக்கிப்போட்டு, பாத்துக்கொண்டிருந்திருக்கிறியள்! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதோ? அந்தப் பச்சை உயிருகள்!" அவள் கோபத்தில் சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "எனக்குப் பயந்தோ?"

வீரகத்தி மடங்காத காலை நீட்டியபடி, சுவரைப் பிடித்துப் பிடித்து, அந்த ஈர நிலத்தில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தான். அப்படி இருப்பது அவனுக்குப் பெரிய பாடு.

"சொல்லத்தான் வந்தனான். எத்தினையோ தரம் வந்தனான்" என்றான். "கால் முறிஞ்ச நாள் தொட்டு நீர் பாடேல்லை. அது உமக்குத் தெரியுமோ? ஆஸ்பத்திரியாலை வந்து கதிரையிலை கிடந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காதைக் குடுத்துக்கொண்டிருந்தனான். விளக்கு மினுக்கேக்கையும் பாடேல்லை, நிலம் கழுவேக்கையும் பாடேல்லை. இந்தத் தொட்டியைக் கழுவேக்கதான் பாடினீர். அதைக் கழுவவேண்டாமெண்டு நான் எந்த வாயாலை சொல்லுறது?"

 அமராவதியின் சேலைத் தலைப்பு முகத்திலேயே இருந்தது. அவனைக் கதைக்க வைக்கிற மீன் என்று அவள் காத்தாள். அவளைப் பாட வைக்கிற தொட்டி என்று அவன் விட்டுக்கொண்டிருந்தான். இரண்டுக்கும் நடுவில் செத்தவை வாழையடியில் கிடந்தன. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அழுகைதான் முதலில் வந்து சேர்ந்தது.

அழுது முடித்து எழும்பினாள். பேசினைக் கவிழ்த்து மூலையில் வைத்தாள். வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்தாள், தொட்டியை மட்டும் விட்டுவிட்டாள்.

"முழுக்கக் கழுவாட்டிலும், கொஞ்சத் தண்ணியாவது மாத்தத்தானே வேணும்?" என்று கேட்டாள். "ஆத்திலையும் பழைய தண்ணி போய்ப் புதுத் தண்ணி வருமல்லோ?"

"வரும். ஆனால் உம்மைப்போலை வாளியோடை கவிழ்க்காது. மெள்ள மெள்ளத்தான் வரும்."

ஒரு செம்பால் பழைய தண்ணீர் கொஞ்சம் மொண்டு வாழையடியில் ஊற்றினாள். முந்தின நாள் இறைத்துப் பானையில் ஆறியிருந்த தண்ணீரைச் செம்பில் எடுத்தாள். மீன்களுக்கு அதிராமல், நூல்போல விளிம்பால் விட்டாள். பெரிய மீன் வந்து அந்த நூலைச் சந்தேகமாகப் பார்த்தது.

"கெதியாய் ஊத்திறீர்" என்றான் வீரகத்தி.

"இதுக்கு மேலை மெள்ள எப்பிடி ஊத்திறது?"

"பாடிக்கொண்டு ஊத்தும். பாட்டு முடியேக்க செம்பு முடியவேணும். அதுதான் அளவு."

அவளுக்கு வெட்கம் வந்தது. வாசலைப் பார்த்தாள், ஒருவரும் இல்லை. தொண்டையைச் செருமினாள். தொடக்கத்தில் குரல் கட்டிக்கொண்டது, இரண்டாம் அடியில் இளகியது, மூன்றாம் அடியில் வீட்டை விட்டு வெளியே போனது. குஞ்சுகள் தாயின் விலாவில் மொய்த்து நின்று குடித்துக்கொண்டிருந்தன. ரோட்டின் அந்தப் பக்கம் பழனியாண்டி சக்கரமொன்றைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தான். யாழ்ப்பாணம் போகிற லொறியொன்று சந்தியில் பிறேக் அடித்து நின்றது.

"அண்ணை! ரேடியோ வேலை செய்யுதோ?" என்று டிரைவர் கத்தினான்.

வீரகத்தி தரையில் இருந்தபடியே யன்னலை நோக்கித் தன் முழுக் குரலையும் எடுத்துக் கத்தினான்.

"சத்தம் போடாதை! மீனுக்குத் தண்ணி மாத்துறம்!"

மறுநாள் சனிக்கிழமை. ஒன்றும் சாகவில்லை.